அங்கீகரிக்கப்பட்ட அளவு

அஸ்தினாபுரம்
3-6-2024

சிரஞ்சீவி வைத்தீஸ்வரனுக்கு ஆசீர்வாதம். இங்கு நானும் உன் அக்கா அபிதகுஜாம்பாளும் சௌக்கியம். பம்மலில் நீயும் ரமாவும் அவ்வண்ணமே இருக்க வேண்டும்.

பன்னிரண்டு நாள் தீர ஆலோசித்து, நேற்று காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் விலகினேன். முடிவின் கனத்தைக் கருதி, விலகுவதற்கு முன் குளித்தேன். பத்து நாற்பத்தைந்துக்கு உன் எண்ணை என் கைபேசியில் தடுத்து வைத்தேன். இதில் கோபம் எதுவும் இல்லை. இது ஒரு நிர்வாக நடவடிக்கை.

காரணத்தைப் பதிவுக்காக எழுதுகிறேன். மே 21 அன்று, வெண்டைக்காய் ஊறிய தண்ணீர் இதயத் துடிப்பைச் சீராக்கும் என்ற செய்தியை நாற்பத்து மூன்று பேரின் நன்மைக்காக அனுப்பினேன். நான்கே நிமிடத்தில் நீ, "அத்திம்பேர், இது தப்பு. அக்காவுக்குக் கொடுத்துடாதேங்கோ" என்று எழுதினாய். அதற்கு ஆறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அதில் ஒருவன் என் சொந்தத் தம்பி.

உன் அக்காவின் மருந்து விஷயம் இதனால் நிற்கக் கூடாது. மருந்து சம்பந்தமான எதுவும் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று நீயே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாய். எனவே இனி தபால். நமக்கு நடுவே இருப்பது ஐந்து கிலோமீட்டர். தபால்துறை இரண்டு நாளில் கடந்துவிடும்.

பிப்ரவரியில் தொண்டை அறுவை சிகிச்சை முடிந்து அபிதா வீடு திரும்பியதிலிருந்து சமையலறை என் பொறுப்பில் இருக்கிறது. காபித்தூள் டப்பாவில் கடுகு, பிஸ்கட் டின்னில் துவரம்பருப்பு என்று முப்பது வருஷமாக நடந்த அராஜகத்தை ஒழித்து, முப்பத்தொரு பெயர்ச்சீட்டு அச்சடித்து ஒட்டியிருக்கிறேன். குரலுக்கு ஓய்வு தரச் சொன்னதால் அவளுடைய கைபேசியையும் என் மேஜை இழுப்பறையில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். கேஸ் பதிவு செய்ய மட்டும் எடுத்துத் தருகிறேன்.

உன் மருந்துக்கடையில் நீயே கலந்து தரும் புட்டி ஒன்றுதான் முறைக்கு வராமல் நிற்கிறது. அட்டைப்பெட்டி இல்லை, உரிம எண் இல்லை. முப்பத்து நான்கு வருஷம் பண்டகசாலைக் கண்காணிப்பாளராக இருந்த நான் இப்படி ஒரு பொருளை உள்ளே விட்டதில்லை. தற்காலிகமாக "இதய மருந்து, 4 மி.லி., காலை 7, மாலை 7" என்று நானே சீட்டு ஒட்டி, குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டில் வைத்திருக்கிறேன். உரிம எண்ணை மறுதபாலில் தெரிவிக்கவும்.

"என்ன எழுதறேள் அவ்வளவு நேரம்? போன்ல சொன்னா ரெண்டு நிமிஷம்" என்று உன் அக்கா கேட்கிறாள். அவளுடைய குரல் பரவாயில்லை.

இப்படிக்கு,
யக்ஞநாராயணன்

*

பம்மல்
8-6-2024

அத்திம்பேருக்கு வைத்தியின் நமஸ்காரம். நாங்கள் நலம். அக்காவின் குரல் தேறி வருவது பற்றி ரமாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

உரிமம் என் கடைக்கு இருக்கிறது. இந்த மருந்துக்கு உரிமம் இல்லை, இருக்கவும் முடியாது. கம்பெனிகள் லட்சம் பேருக்குச் செய்வதற்குத்தான் எண் உண்டு. இது உலகத்தில் ஒரே ஒருத்திக்காகச் செய்வது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். எழுத்தில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். அக்காவின் துடிப்பை அடக்கும் மருந்து கடையில் மாத்திரையாகத்தான் வருகிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாத்திரை அவள் தொண்டையில் இறங்காது. பொடித்துக் கரைத்துக் கொடுத்தோம். மாத்திரையில் இருக்கும் மஞ்சள் சாயம் ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்தது. ஆகவே டாக்டர் ஈவ்லின் எழுதித் தந்தபடி, சாயம் சேராத தூளை எடைபோட்டு நான் திரவமாகக் கலக்கிறேன். இவளைப் போல இன்னும் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒரு மாத்திரையில் எட்டில் ஒரு பங்கு போதும் என்ற கைக்குழந்தை ஒன்று பல்லாவரத்தில் இருக்கிறது. எட்டில் ஒரு பங்கு மாத்திரையை எந்தக் கம்பெனியும் செய்யாது.

முப்பது நாளுக்கு மேல் ஒரு புட்டியை வைத்திருக்க வேண்டாம். காலையில் கொடுப்பதற்கு முன் நாடி பாருங்கள். நிமிஷத்துக்கு ஐம்பதுக்குக் கீழே போனால் மருந்து கொடுக்காமல் கூப்பிடுங்கள். என் எண் தடையில் இருப்பதால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வெண்டைக்காய்த் தண்ணீர் கொடுக்கவில்லையே?

அன்புடன்,
வைத்தி

*

அஸ்தினாபுரம்
15-6-2024

சிரஞ்சீவி வைத்திக்கு ஆசிகள். ஈசன் அருளால் இங்கு குறையொன்றும் இல்லை. ரமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் கடிதம் கிடைத்தது. இரண்டாம் பத்தியை மூன்று முறை படித்தேன். இவ்வளவு வெளிப்படையாக நீ எழுதுவாய் என்று எதிர்பார்க்கவில்லை. பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

மருந்துக்கென்று தனிப் பதிவேடு தொடங்கிவிட்டேன். தேதி, வேளை, அளவு, இருப்பு. நீ சொன்னபடி "நாடி" என்ற பத்தியும் சேர்த்து, ஒரு நாளும் விடாமல் பூர்த்தி செய்கிறேன். அங்கீகரிக்கப்பட்ட அளவு நான்கு மில்லி என்று முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறேன். முறையான திருத்த உத்தரவு இல்லாமல் அது மாறாது.

வெண்டைக்காய் பற்றிய உன் கேள்வி இந்தக் கடிதப் போக்குவரத்தின் வரம்புக்குள் வராது.

நேற்று வேறொரு வேலையாகக் குரோம்பேட்டை தபால் நிலையம் போனேன். பதிவுத் தபாலுக்கு வரிசை அதிகம் இல்லை. வெயில்தான்.

இப்படிக்கு,
யக்ஞநாராயணன்

*

பம்மல்
12-7-2024

அத்திம்பேருக்கு நமஸ்காரம். ரமாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அக்கா சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நேற்று காலை கடைக்கு மருந்து ஆய்வாளர் வந்தார். பெயர் பக்தவச்சலம். மரியாதையான மனிதர்; உட்காரச் சொன்னதும் உட்காராமல், "உங்க மேல ஒரு மனு வந்திருக்கு சார்" என்றார்.

"யார் கொடுத்தது?"

"அதைச் சொல்லக் கூடாது. உரிமம் இல்லாத மருந்து தயாரிக்கிறதா நீங்களே எழுத்துல ஒத்துக்கிட்டிருக்கீங்களாம். வாக்கியத்தையும் போட்டிருக்காங்க. படிக்கட்டுமா?"

படித்தார். 'இந்த மருந்துக்கு உரிமம் இல்லை, இருக்கவும் முடியாது.'

"இது உங்க வாக்கியமா?"

"ஆமா. அதுக்குக் கீழே இன்னும் நாலு வரி இருக்குமே?"

"மனுவுல இதோட முடிஞ்சுடுது சார்."

அந்த வாக்கியத்தை நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறேன்.

டாக்டர்களின் சீட்டு, எடைக் குறிப்பு எல்லாவற்றையும் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. ஆனாலும் எழுத்து மூலமான மனு என்பதால் ஆவணங்களைப் பரிசீலித்து முடிக்கும்வரை கலக்கும் அறையைப் பூட்டி முத்திரை வைக்க வேண்டும் என்றார். வைத்தார். பல்லாவரத்துக் குழந்தையின் அப்பா சாயங்காலம் வந்து பூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அக்காவின் கையிருப்பு ஜூலை 24 இரவு வரை வரும். அதற்குள் வேறு ஏற்பாடு செய்கிறேன். கேளம்பாக்கத்தில் ஆஷா என்று ஒரு பெண்மணி இதே வேலை செய்கிறார், என்னோடு படித்தவர். கேட்டிருக்கிறேன்.

வைத்தீஸ்வரன்

*

அஸ்தினாபுரம்
17-7-2024

சிரஞ்சீவி வைத்திக்கு ஆசீர்வாதம். நாங்கள் சுகம். அபிதா நேற்று இரண்டு தோசை சாப்பிட்டாள். மழை வரும்போல் இருந்து வரவில்லை.

உனக்கு நேர்ந்தது பற்றி வருந்துகிறேன். அரசு நடைமுறைகள் எப்போதும் நன்மைக்கே. இன்று பூட்டு, நாளை எல்லாம் முறைப்படி, எண்ணோடு வரும். அந்த மனுவை ஆய்வாளர் உன் கையில் கொடுத்தாரா, அல்லது வாசிக்க மட்டும் செய்தாரா? அச்சடித்ததா, கையால் எழுதியதா? பொதுவான ஆர்வத்தில்தான் கேட்கிறேன்.

அபிதாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "எவன்டா அந்தப் படுபாவி" என்றாள். குரலுக்கு ஓய்வு வேண்டும் என்று நினைவூட்டினேன்.

24-ஆம் தேதிக்குள் மருந்து வந்தாக வேண்டும். இருப்பு பதிவேட்டுப்படி சரியாக இருக்கிறது.

யக்ஞநாராயணன்

*

பம்மல்
22-7-2024

அக்காவுக்கு வைத்தி நமஸ்காரம். உடம்பு எப்படி இருக்கிறது? உனக்கு நேராக நான் கடிதம் எழுதி இருபத்தைந்து வருஷம் இருக்கும்.

உன் போன் அத்திம்பேரின் இழுப்பறையில் இருக்கிறது. அவருக்கு எழுத இந்த வாரம் எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று கேட்காதே. அதனால் இது உனக்கு.

ஆஷா மருந்தைச் செய்துவிட்டார். நாளை மறுநாள் கூரியரில் வரும். இதை மட்டும் கவனமாகப் படி. என் மருந்தில் ஒரு மில்லிக்கு ஐந்து மில்லிகிராம் இருந்தது. நீ நான்கு மில்லி எடுத்தாய். ஆஷாவின் மருந்து கெட்டியானது: ஒரு மில்லிக்கு இருபது. ஆகவே இனி ஒரு மில்லிதான். காலை ஒன்று, மாலை ஒன்று. புட்டியும் சின்னது, அறுபது மில்லி; முப்பது நாளுக்கு அதுவே போதும். பழைய பழக்கத்தில் நான்கு எடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போகும். முதலில் தூக்கம் வரும், கை கால் சில்லிடும், நாடி இறங்கும். அப்புறம் விழுவாய். புட்டியின் மேலும் "1 மி.லி." என்று போடச் சொல்லியிருக்கிறேன். அத்திம்பேரிடம் நீயே சொல்லிவிடு.

"அஞ்சு கிலோமீட்டர்தானே? வண்டிய எடுத்துண்டு போய்ச் சொல்லிட்டு வாங்கோளேன்" என்கிறாள் ரமா. அந்த வாசலில் இப்போது என்னால் நிற்க முடியாது. ஸ்பீடு போஸ்ட் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

படித்ததும் ஒரு வரி பதில் போடு. அது வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

வைத்தி

*

அஸ்தினாபுரம்
30-7-2024, இரவு 8.15

சிரஞ்சீவி வைத்திக்கு ஆசிகள். உன்னிடமிருந்து எனக்குக் கடிதம் வந்து பதினைந்து நாளுக்கு மேலாகிறது. நானும் அபிதாவும் சௌக்கியம். அவளுடைய சௌக்கியம் முன்பைவிட மேல் என்றே சொல்லலாம். நான்கைந்து நாளாகப் பகலிலும் நன்றாகத் தூங்குகிறாள். என்னோடு எதற்கும் விவாதிப்பதில்லை. நேற்று ரசத்தில் உப்பே இல்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது மருந்து நன்றாக ஒத்துக்கொண்டிருக்கிறது.

எழுதுவதற்குக் காரணம் ஒரு புகார். புட்டி 24-ஆம் தேதி வந்து, 25 காலையிலிருந்து உபயோகத்தில் இருக்கிறது. முதலில், அந்த அம்மாளின் சீட்டில் அளவு 1 மி.லி. என்று தவறாக அச்சாகியிருந்தது. அங்கீகரிக்கப்பட்ட அளவு நான்கு என்பதால் அதை எழுத்தரின் பிழையாகக் கருதி, அபிதா குழம்பாமல் இருக்க மருந்தை நம் பழைய புட்டிக்கு மாற்றிவிட்டேன். அதில் என் சீட்டு இருக்கிறது. இதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. பிழை யாருக்கும் வரும்.

ஆனால் இன்று செவ்வாய்க்கிழமை, இருப்புச் சரிபார்ப்பு நாள். முப்பது நாளுக்கு என்று வந்த சரக்கில் ஆறாம் நாள் மாலை பன்னிரண்டு மில்லிதான் மீதி. நாளை மறுநாள் காலையோடு தீர்ந்துவிடும். நாலில் மூன்று பங்கு குறைவாக அனுப்பியிருக்கிறார்கள். மீதி நூற்றெண்பது மில்லியை உடனே அனுப்பச் சொல். அவசரம் கருதி இக்கடிதம் காலை முதல் வேலையாக ஸ்பீடு போஸ்டில் போகும்.

அபிதாவின் பெயருக்கு நீ எழுதிய கடிதம் 25-ஆம் தேதி வந்தது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. குளிர்பெட்டியின் மேல் வைத்திருக்கிறேன். "அப்புறம் படிக்கிறேன், கண்ணைச் சொருகறது" என்கிறாள். இன்று காலை குளியலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கை சில்லென்று இருந்தது. ஆடி மாதக் காற்று.

யக்ஞநாராயணன்

*

அஸ்தினாபுரம்
3-8-2024

வைத்தீஸ்வரனுக்கு,

உன் சௌக்கியத்தை விசாரிக்கிறேன். ரமாவின் முழங்காலையும்.

ஜூலை 31 மாலை ஆறு ஐம்பதுக்கு நீ என் வீட்டுக்குள் நுழைந்த விதம் பற்றிப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. காலையில் நான் அனுப்பிய ஸ்பீடு போஸ்ட் அன்று சாயங்காலமே உன் கைக்குக் கிடைத்திருக்கிறது; தபால்துறையைப் பாராட்டுகிறேன். நீ மணி அடிக்கவில்லை. செருப்பைக் கழற்றவில்லை. பின்னால் ஓர் ஆட்டோ ஓட்டுநரும் செருப்போடு வந்தார். அப்போது நான் மருந்து அளக்கும் சிரிஞ்சில் நான்கு மில்லி எடுத்து, காற்றுக் குமிழி இல்லாமல் சரிபார்த்து, ஏழு மணிக்காகக் காத்திருந்தேன். நீ அதை என் கையிலிருந்து பிடுங்கினாய்.

"எத்தனை கொடுத்தேள்?" என்று கத்தினாய்.

"அங்கீகரிக்கப்பட்ட அளவு" என்றேன். அது உண்மை.

"காலைலயுமா?"

"ஒரு வேளையும் தவறவில்லை."

நீ தரையில் உட்கார்ந்து அபிதாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாய். அந்த ஓட்டுநர்தான் என்னைப் பார்த்து, "இன்னா பெருசு, நின்னுகினு கீற? அம்மா மூஞ்சப் பாரு, வெள்ளையா கீது. நகரு, நான் தூக்குறேன்" என்றார். பண்டகசாலையில் எண்பது பேர் என் கீழ் வேலை செய்தார்கள். யாரும் என்னைப் பெருசு என்று கூப்பிட்டதில்லை. நகர்ந்தேன்.

ஆட்டோவில் எனக்கு இடம் இல்லை. பின்னால் வேறொரு ஆட்டோ பிடித்து வந்தேன். அதற்குள் அவளை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். நாடி முப்பத்து நான்கு என்று நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் சொன்னதைக் கேட்டேன்.

டாக்டர் ஈவ்லின் என்னிடம் பதிவேட்டைக் கேட்டார். வீட்டுக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தேன். இவ்வளவு ஒழுங்காக எந்த வீட்டிலும் குறித்து வைத்துப் பார்த்ததில்லை என்றார். பிறகு, "சார், நாடின்னு ஒரு பத்தி இருக்கு. அதுல தினமும் 'உண்டு, உண்டு'ன்னு எழுதியிருக்கீங்களே?" என்றார்.

"தினமும் பார்த்தேன். இருந்தது."

அவர் அந்தப் பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். புதுப் புட்டியில் ஒரு மில்லி என்று இருந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன், திருத்தினேன் என்றேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நாளுக்கு ஐந்து நிமிஷம்தான் விடுகிறார்கள். நேற்று என் முறை வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த முறை உண்மையான தூக்கம் என்றார்கள்.

குளிர்பெட்டியின் மேலிருந்த உன் கடிதத்தை 31 இரவு பிரித்தேன். அடுத்தவர் கடிதத்தை நான் பிரித்தது அதுவே முதல் தடவை. படித்து, மறுபடி மடித்து ஒட்டி, மறுநாள் அவளுடைய கைபேசியோடு நர்ஸிடம் கொடுத்தனுப்பினேன். அந்த 31 இரவே பதினொன்று பத்துக்கு உன் எண்ணின் தடையை நீக்கிக் கூப்பிட்டேன். மணி அடித்தது. நீ எடுக்கவில்லை.

பதிவேட்டை டாக்டர் திருப்பித் தரவில்லை. அதன் பின்னட்டைப் பையில் என் சொந்தக் காகிதங்கள் சில இருக்கின்றன. அவற்றை யாரும் பார்க்க வேண்டியதில்லை. பதிவேடு உன் கைக்கு வந்தால் பிரிக்காமல் அனுப்பவும்.

யக்ஞநாராயணன்

*

பம்மல்
11-8-2024

அத்திம்பேருக்கு,

அக்காவை 8-ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். பம்மலுக்கு அழைத்து வந்திருக்கிறோம். நாடி இன்று காலை அறுபத்து எட்டு. இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

டாக்டரிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்ல வேண்டும். அளவு மாறிய விஷயத்தைத் தபாலில் போட்டது நான். ரமா போகச் சொன்னாள், போகவில்லை. ஐந்து கிலோமீட்டரைக் கடக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. அதை உங்கள் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் பதிவேடு இப்போது என்னிடம் இல்லை. டாக்டர் அதை நோயாளியின் கையில்தான் கொடுத்தார். அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து பின்னட்டை வரை படித்தாள். பின்னட்டைப் பையில் மனுவின் அலுவலக நகல் இருந்தது. பதிவுத் தபால் ரசீதும் அதோடு குத்தியிருந்தது. மடித்து வைத்துவிட்டு, "வைத்தி, பல்லாவரத்துக் குழந்தைக்கு இப்ப யார் மருந்து தரா?" என்றாள்.

ஆஷா தருகிறார். அதன் அப்பா வாராவாரம் கேளம்பாக்கம் போய் வருகிறார்.

வைத்தி

*

அஸ்தினாபுரம்
21-8-2024

சிரஞ்சீவி வைத்திக்கு ஆசீர்வாதம். அங்கு அபிதாவின் க்ஷேமத்தை விவரமாக எழுதவும். நான் சௌக்கியம்.

சில தகவல்கள். மனுவைத் திரும்பப் பெறுவதாக 13-ஆம் தேதி ஆய்வாளர் பக்தவச்சலத்துக்கு எழுதினேன். நேரிலும் போனேன். "பரிசீலனையே முடிஞ்சுடுச்சு சார், உங்க கடிதம் இல்லாட்டியும் திறந்திருப்போம். மனு கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவரையே கேட்டிருக்கலாமே, சொந்தக்காரர்தானே?" என்றார். நாளை உன் அறையின் முத்திரையை எடுக்கிறார்கள். அவர் காபி கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருந்த உத்தரவை ரத்து செய்து ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். பதிவேடு கைக்கு வந்ததும் ஒட்டுவேன். குளிர்பெட்டியில் இரண்டாம் தட்டு காலியாக வைக்கப்பட்டிருக்கிறது. நாடி எண்ணப் பழகிக்கொண்டிருக்கிறேன். என் நாடி 76, காலையில் 72. எண்ணால் எழுதுகிறேன்.

குடும்பக் குழுவில் மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி என் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

17-ஆம் தேதி கேஸ் தீர்ந்துவிட்டது. என் கைபேசியிலிருந்து பதிவு செய்ய முயன்றேன். இந்த எண் பதிவில் இல்லை என்று ஓர் அம்மாள் ஒலிப்பதிவில் சொன்னாள். மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அதையே சொன்னாள். இணைப்பு அபிதாவின் எண்ணில் இருக்கிறது. மின்சார அடுப்பில் சமாளிக்கிறேன்.

அவள் எப்போது திரும்புகிறாள் என்று தெரிந்தால் ஆட்டோவுக்குச் சொல்லி வைப்பேன். தேதி மட்டும் எழுதினால் போதும். அவளே ஒரு வரி எழுதினாலும் சரி.

யக்ஞநாராயணன்

*

பம்மல்
2-9-2024

உங்களுக்கு அபிதா நமஸ்காரம் சொல்லி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சார அடுப்பில் பால் வைத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

வைத்தியின் அறையைத் திறந்துவிட்டார்கள். என் மருந்தை மறுபடி அவனே செய்கிறான். பழையபடி நான்கு மில்லி. நானே அளந்து எடுத்துக்கொள்கிறேன். குரலும் வந்துவிட்டது. நேற்று ரமாவோடு ஒரு மணி நேரம் பேசினேன்.

பதிவேட்டைக் கேட்டிருந்தீர்கள். அதில் எழுதாத பக்கம் நிறைய இருப்பதால் நாடி எழுத வைத்துக்கொண்டேன். பையில் இருந்த உங்கள் காகிதத்தையும் ரசீதையும் இத்தோடு அனுப்பியிருக்கிறேன். உளுந்து, நீங்கள் சர்க்கரை என்று சீட்டு ஒட்டிய டப்பாவில் இருக்கிறது. சீட்டுகள் ஒட்டிய வாரமே நான் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு மாற்றிவிட்டேன்; சமைக்கும்போது நானே எடுத்துத் தந்ததால் நீங்கள் கவனிக்கவில்லை. சர்க்கரை, எப்போதும்போல, பெருங்காய டப்பாவில்.

என்னிடம் இருந்த வாசல் சாவி இந்த உறையில் இருக்கிறது.

கேஸ் இணைப்பை உங்கள் எண்ணுக்கு மாற்றிவிட்டேன். சிலிண்டர் வியாழக்கிழமை வரும். ஓ.டி.பி. உங்களுக்கு வரும்.

அபிதகுஜாம்பாள்